உஷார்! உதட்டில் கொப்புளமா? குரங்கு இருக்கும் பக்கம் போகாதீர்கள்

உதட்டு ஓரத்தில் சுருக்கென்று ஓர் எரிச்சல். மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தால் கடுகளவில் நாலைந்து நீர்க் கொப்புளங்கள். "ராத்திரி ஏதோ பூச்சி ஊர்ந்திருக்குடா" என்பார் பாட்டி. "உடம்புச் சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்பார் அம்மா. கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவோம். ஒரு வாரம், பத்து நாளில் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிடும். இதற்கெல்லாமா உஷார் என்று கேட்பீர்கள்.

இதற்குத்தான். அது பூச்சியும் இல்லை, சூடும் இல்லை. ஹெர்பஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் முதல் வகை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 64 பேர், இதை உடம்பில் வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. நமக்கு இது வெறும் எரிச்சல். அதே வைரஸ் மார்மோசெட் என்ற சின்னஞ்சிறு குரங்கின் வாய்க்குள் போனால், சில நாட்களில் நாக்கெல்லாம் புண்ணாகி, எச்சில் ஒழுகி, வலிப்பு வந்து, மூளை வீங்கிச் செத்துப்போகும். வாலில்லாக் குரங்கான கிப்பனையும் மூளை வரைக்கும் போய்க் கொன்றிருக்கிறது. கொரில்லாவும் சிம்பன்சியும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. ஆனால், நம்மைப் போலவே அவையும் ஆயுசுக்கும் அதைச் சுமக்கும்.

இந்தக் கதை ஒருவழிப் பாதையும் இல்லை. குரங்குகளிடம் இருக்கிற ஹெர்பஸ் நம்மிடம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கேட்டால் வயிற்றைக் கலக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த வைரஸின் சுபாவம். ஹெர்பஸ் குடும்பத்து வைரஸ்கள் ஒரு முறை உள்ளே வந்தால் வெளியே போவதில்லை. காய்ச்சல் விடும், கொப்புளம் ஆறும், வைரஸ் மட்டும் நரம்பு முடிச்சுக்குள்ளோ ரத்த அணுவுக்குள்ளோ போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். சின்ன வயதில் வந்த சின்னம்மை, அறுபது வயதில் அக்கியாக விலாவைச் சுற்றி எரிகிறதே, அது புதிதாக வந்ததல்ல. ஐம்பது வருஷம் முதுகுத்தண்டு ஓரத்து நரம்பில் தூங்கிய அதே வைரஸ்தான் எழுந்து வருகிறது. மனிதருக்கென்றே இப்படி ஒன்பது ஹெர்பஸ் வைரஸ்கள் உண்டு: உதட்டுக் கொப்புளத்துக்கு ஒன்று, பிறப்புறுப்புப் புண்ணுக்கு ஒன்று, சின்னம்மைக்கு ஒன்று, எப்ஸ்டைன் பார் வைரஸ், சைட்டோமெகலோ வைரஸ், குழந்தைகளுக்குத் திடீர்க் காய்ச்சலும் உடம்பில் தடிப்பும் கொண்டுவரும் வகையில் மூன்று, கபோசி புற்றுக்குக் காரணமான ஒன்று.

பழைய குடித்தனக்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கான வருஷமாகக் குடியிருக்கும் வீட்டை அவர் இடிக்க மாட்டார், ஆணிகூடப் பார்த்துத்தான் அடிப்பார். அவரையே முன்பின் தெரியாத இன்னொரு வீட்டில் கொண்டுபோய் விட்டால் எந்தச் சுவர் தாங்கும், எது விழும் என்று அவருக்கே தெரியாது. தென் அமெரிக்காவின் அணில் குரங்குகளிடம் ஹெர்பஸ் வைரஸ் சைமிரி என்று ஒன்று உண்டு. சொந்த வீட்டில் அது சாது. பக்கத்து மரத்து மார்மோசெட்டிடமும் டாமரின் குரங்கிடமும் போனால் வேகமாகப் பரவும் ரத்தப் புற்று. வைரஸ் மாறவில்லை, உடம்புதான் மாறியது.

இப்போது மனிதக் குரங்குகளுக்கு வருவோம். சிம்பன்சி, போனோபோ, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாமே நமக்கு நெருங்கிய சொந்தம். சிம்பன்சியின் முன்னோரும் நம் முன்னோரும் பிரிந்தது ஏறத்தாழ 60, 70 லட்சம் வருஷத்துக்கு முன்புதான். பிரிந்து போகும்போது ஆளுக்கொரு பங்கு ஹெர்பஸையும் எடுத்துக்கொண்டே போயிருக்கிறோம். நம் சைட்டோமெகலோ வைரஸுக்குச் சிம்பன்சியிடம் ஒரு பங்காளி இருக்கிறது. அதன் முழு மரபணு வரிசை 2003இலேயே வெளியானது. நம் வைரஸில் எந்த மரபணு நிஜம், எது போலி என்று சரிபார்க்க ஆராய்ச்சியாளர்கள் அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். எப்ஸ்டைன் பார் வைரஸின் பங்காளிகள் சிம்பன்சியிடமும் கொரில்லாவிடமும் ஒராங்குட்டானிடமும் உண்டு. கபோசி வைரஸின் பங்காளிகளை ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளிடமும் கொரில்லாக்களிடமும் 2000ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்களே, அது இங்கே அப்படியே பொருந்தும்.

அவரவர் வைரஸை அவரவர் வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. அப்படி இருக்கவில்லை. காட்டுச் சிம்பன்சிகளிடமும் கொரில்லாக்களிடமும் எடுத்த சைட்டோமெகலோ வைரஸ்களின் வம்சாவளியை வரைந்து பார்த்தபோது, கொரில்லாவிடம் இருக்க வேண்டியது சிம்பன்சியின் கிளையிலும், சிம்பன்சியிடம் இருக்க வேண்டியது கொரில்லாவின் கிளையிலும் போய் உட்கார்ந்திருந்தன. இரண்டும் ஒரே காட்டில் ஒரே அத்தி மரத்துப் பழத்துக்குப் போட்டி போடுபவை. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமும் வைரஸ் தாவியிருக்கிறது.

நாமும் விதிவிலக்கல்ல. இதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட பகுதி, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மனிதரிடம் ஹெர்பஸ் சிம்ப்ளெக்ஸ் இரண்டு வகை உண்டு. பொதுவாகச் சொன்னால் முதல் வகை உதட்டில், இரண்டாம் வகை இடுப்புக்குக் கீழே. மற்ற குரங்கினங்களுக்கு ஆளுக்கு ஒன்றுதான் தெரிந்திருக்கிறது. நமக்கு மட்டும் ஏன் இரண்டு? 2014இல் கலிஃபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் இவற்றின் மரபணுக்களைச் சிம்பன்சியின் ஹெர்பஸோடு வைத்துப் பார்த்தார்கள். உதட்டு வைரஸ் சுமார் 60 லட்சம் வருஷத்துக்கு முன்பே சிம்பன்சி வைரஸிலிருந்து பிரிந்து, நம்மோடு கூடவே வளர்ந்து வந்தது. இரண்டாம் வகையோ சிம்பன்சியின் வைரஸுக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். சுமார் 16 லட்சம் வருஷத்துக்கு முன்புதான் அது நம் முன்னோரிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். கூடப்பிறந்தது ஒன்று, இடையில் வந்து ஒட்டிக்கொண்டது ஒன்று.

எப்படி வந்தது? 2017இல் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் புதைபடிவங்கள் கிடைத்த இடங்களையும் பழங்காலத் தட்பவெப்பத்தையும் சேர்த்து வைத்து, யார் யாரைச் சந்தித்திருக்க முடியும் என்று கணக்குப் போட்டார்கள். அவர்களின் சந்தேகம் பராந்த்ரோபஸ் பாய்சி மீது விழுந்தது. பெரிய தாடை, பெரிய கடைவாய்ப் பல், கிழக்கு ஆப்பிரிக்காவில் திரிந்த இரண்டு கால் உயிரினம். அது சிம்பன்சிகளின் முன்னோரிடமிருந்து இந்த வைரஸை வாங்கியிருக்கும். பிறகு கென்யாவின் துர்கானா ஏரிக் கரை போன்ற தண்ணீர்த் துறைகளில் அதை வேட்டையாடியோ, செத்ததை அறுத்தோ தின்ற நம் முன்னோர் ஹோமோ எரெக்டஸுக்கு அது போயிருக்கும் என்றார்கள். கையில் ஒரு வெட்டுக்காயம், அறுக்கிற உடம்பில் ஒரு கொப்புளம். அவ்வளவு போதும். இரண்டாம் வகை என்றவுடனே நமட்டுச் சிரிப்பு சிரிப்பவர்கள் இதை ஒரு முறை படிக்கலாம்.

பிறகு 2021இல் அந்தக் கணக்கிலும் திருத்தம் வந்தது. ஆப்பிரிக்கக் காடுகளில் கொரில்லா, போனோபோ, சிம்பன்சிகள் போட்ட சாணத்தைப் பொறுக்கி எடுத்து, அதில் பெரிய அளவில் வைரஸ் தேடினார்கள். புதுப்புது ஹெர்பஸ்கள் கிடைத்தன. ஆச்சரியம் என்னவென்றால், அந்த மூன்றின் வைரஸ்களுமே நம் இரண்டாம் வகைக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். முதல் வகை பிரிந்தது கொரில்லாவின் வழியும் நம் வழியும் பிரிந்த காலத்தில் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. கடந்த 30 லட்சம் வருஷத்தில் பல முறை இந்த வைரஸ்கள் ஓரினத்திலிருந்து இன்னோரினத்துக்குத் தாவியிருக்கின்றன. கடைசித் தாவல் சுமார் 10 லட்சம் வருஷத்துக்கு முன்பு, மனிதருக்கும் போனோபோவுக்கும் இடையில். ஆக, விலங்கிடமிருந்து நமக்கு வந்த நோய்களில் மிகப் பழையவற்றில் ஒன்று இது. எய்ட்ஸ் வைரஸும் சிம்பன்சியிடமிருந்துதான் வந்தது. ஆனால் அது நேற்றைய கதை, போன நூற்றாண்டின் தொடக்கத்து விஷயம்.

தேதி மாறலாம், இடைத்தரகர் யார் என்பது மாறலாம். வைரஸ் தாவியது என்பதில் மட்டும் மூன்று ஆய்வுக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்று மனிதரிடம் சுற்றும் இரண்டாம் வகை வைரஸ்களுக்குள் முதல் வகையின் மரபணுத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரே உடம்பில் இரண்டும் சந்தித்தபோது துண்டு மாற்றிக்கொண்டிருக்கின்றன. அப்படியிருக்க, நம் உதட்டு வைரஸை ஏற்கெனவே சொந்த ஹெர்பஸ் வைத்திருக்கும் கொரில்லாவுக்குக் கொடுப்பது விளையாட்டுக் காரியமா?

கொடுத்திருக்கிறோம். 2007இல் கிழக்குச் சமவெளிக் கொரில்லாக் குட்டி ஒன்று. கள்ளக் கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்டது. தாயில்லாக் குட்டி ஆயிற்றே, மனிதர்கள் தூக்கி வைத்து, பால் புகட்டி, கூடவே படுத்து வளர்த்தார்கள். குட்டியின் வாயெல்லாம் புண். சோதித்தால் மனிதரின் ஹெர்பஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை. 2014இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டதுதான் காரணம். வாய்ப்புண் ஆறிவிடும். ஆனால், இனி அந்தக் கொரில்லாவைக் காட்டில் கொண்டுபோய் விட்டால் அதோடு சேர்த்து நம் வைரஸையும் விட்டதாகத்தான் அர்த்தம். காட்டுக்குள் போன வைரஸைத் திருப்பி அழைத்து வர எந்த மருந்தும் கிடையாது. சின்னம்மையும் இப்படித்தான் மிருகக்காட்சிசாலைகளில் இளங் கொரில்லா, சிம்பன்சி, ஒராங்குட்டான் உடம்பில் கொப்பளித்திருக்கிறது.

மலைக் கொரில்லாக்களின் விஷயம் இன்னும் கவலை. ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்று நாட்டு மலைகளிலும் சேர்த்து எண்ணினால் ஆயிரத்துச் சொச்சம்தான். ஒரு தாலுகா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அளவுக்குக்கூடத் தேறாது. ஊசி போட்டு ரத்தம் எடுக்க முடியாத இவற்றின் வைரஸை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? கொரில்லா காட்டுச் செலரித் தண்டை ஒடித்து, பல்லால் பட்டையை உரித்து, சாறுள்ள சதையைத் தின்றுவிட்டுச் சக்கையைக் கீழே போடும். அது நகர்ந்த பிறகு, பின்னாலேயே போய், பல் பட்ட அந்தத் தண்டைக் கையுறையோடு எடுத்து எச்சிலைச் சோதிக்கிறார்கள். அந்த எச்சிலில் எப்ஸ்டைன் பார் வைரஸின் கொரில்லாப் பங்காளி இருந்தது. நம் குழந்தைகளைப் போலவே அங்கும் பச்சைக் குட்டிகள்தான் முதலில் தொற்றுக்கு ஆளாகின்றன. இறந்துபோன சில குட்டிகளின் நுரையீரலில் முதல் தொற்றின் தடம் மாதிரியான மாற்றங்களும் தெரிந்தன. இவ்வளவு ஜாக்கிரதையாக ஒருபக்கம் எச்சில் தண்டைப் பொறுக்குகிறார்கள். இன்னொருபக்கம் நாம் என்ன செய்கிறோம்?

காசைக் கட்டிவிட்டு முகத்துக்கு நேரே போய் நிற்கிறோம். ருவாண்டாவில் ஒரு கொரில்லா தரிசனத்துக்கு வெளிநாட்டவருக்கு 1,500 டாலர், உகாண்டாவில் 800. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், நெடுங்காலமாக 7 மீட்டர் தூரம், கோவிட்டுக்குப் பிறகு 10 மீட்டர், முகக்கவசம். சட்டம் கச்சிதம்தான். 2013 முதல் 2019 வரை இன்ஸ்டாகிராமில் ஏற்றப்பட்ட 858 கொரில்லாப் படங்களை ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்தார் எடுத்து அளந்து பார்த்தார்கள். பெரும்பாலான படங்களில் மனிதருக்கும் கொரில்லாவுக்கும் இடைவெளி 4 மீட்டர்கூட இல்லை. நம்மூர் யூடியூபர்களும் இப்போது அந்த மலைகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். "கைஸ், எவ்ளோ பக்கத்துல இருக்கு பாருங்க" என்று கிசுகிசுக்கும் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதைக்கிறது. கொரில்லா தானாகப் பக்கத்தில் வந்தால் பின்வாங்குங்கள் என்பது விதி. அப்படி வருவதுதான் வீடியோவின் உச்சக்கட்டம் என்பது நம் கணக்கு.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைக்கிறவர்களுக்கு: ஹெர்பஸ் அல்லாத வேறு மனித வைரஸ்கள் காட்டு மனிதக் குரங்குகளைக் கொன்றதற்குக் கணக்கே இருக்கிறது. ஐவரி கோஸ்ட்டின் டாய் காட்டில் 1999, 2004, 2006 ஆண்டுகளில் சிம்பன்சிகள் மூச்சுத் திணறிச் செத்தன. அவற்றின் நுரையீரலில் இருந்தவை நம் குழந்தைகளுக்குச் சளி தரும் வைரஸ்கள். உகாண்டாவின் கிபாலே காட்டில் 2013இல், 56 சிம்பன்சிகள் கொண்ட ஒரு கூட்டத்தில் 5 செத்தன. காரணம் ரைனோ வைரஸ் சி, சாதாரண ஜலதோஷக் கிருமி. சளி வைரஸாவது வந்து போய்விடும். ஹெர்பஸ் போகாது. வித்தியாசம் அதுதான்.

மிருகக்காட்சிசாலைக்கு வருவோம், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோருக்கு மனிதக் குரங்கு தரிசனம் அங்கேதான். மைசூரு மிருகக்காட்சிசாலைக்கு 2021இல் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்ற இரண்டு கொரில்லாக்கள் வந்தன. லீவு விட்டால் தமிழ்நாட்டிலிருந்து பஸ் பஸ்ஸாக மைசூருக்குப் போகிறோம். வண்டலூரிலும் சிம்பன்சி உண்டு. அகழிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நம் ஆட்கள் செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும். பையன் பாதி நக்கிய குச்சி ஐஸை அப்பா வாங்கி, "இந்தாடா, உனக்கும்" என்று உள்ளே வீசுகிறார். "சார், போடாதீங்க சார், தப்பு" என்று ஓடி வரும் காவலரிடம், "ஒரு ஐஸ்தானே அண்ணே, பாவம் பார்த்துக்கிட்டே இருக்கு" என்கிறார். பையனுக்கு உதட்டில் பொருக்கு இருந்ததா, இல்லையா? இருக்கவே வேண்டாம். கொப்புளம் இல்லாத நாட்களிலும் இந்த வைரஸ் எச்சிலில் அவ்வப்போது கசியும். குச்சியைப் பொறுக்குவதற்குக் காவலர் இறங்கி ஓடுவதற்குள் சிம்பன்சி அதை வாயில் வைத்திருக்கும்.

சரி, இனி எதிர்த்திசை. வயிற்றைக் கலக்கும் என்று சொன்னேனே, அது.

இது மனிதக் குரங்கு கதையல்ல, வால் உள்ள மக்காக் குரங்குகளின் கதை. ரீசஸ் குரங்கு, நம்மூர் நாட்டுக் குரங்கு எல்லாம் இந்த மக்காக் இனம்தான். இவற்றிடம் நம் உதட்டு வைரஸுக்கு இணையான ஒன்று உண்டு. பெயர் பி வைரஸ். குரங்குக்கு அது வாய்ப்புண், சில நேரம் அதுவும் இல்லை. 1932இல் நியூயார்க்கில் போலியோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளம் மருத்துவர் ஒருவரைக் குரங்கு கடித்தது. கடித்த இடத்தில் கொப்புளம், பிறகு கால் மரத்தது, பிறகு மூச்சு நின்றது. அவருடைய உடம்பிலிருந்து இந்த வைரஸைப் பிரித்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் சேபின். பின்னாளில் போலியோ சொட்டு மருந்து கண்டுபிடித்தாரே, அவரேதான். இறந்துபோன மருத்துவர் பிரெப்னர் பெயரின் முதலெழுத்துதான் வைரஸின் பெயரில் இருக்கும் பி.

1997 அக்டோபர் 30. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் குரங்கு ஆராய்ச்சி மையம். 22 வயது உதவியாளர் ஒருவர் கூண்டில் இருந்த ரீசஸ் குரங்கை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். குரங்கின் உடம்பிலிருந்து ஏதோ தெறித்துக் கண்ணில் பட்டது. கடி இல்லை, கீறல் இல்லை, ஒரு துளி. டிசம்பர் 10ஆம் தேதி அந்தப் பெண் இறந்துபோனார். 2021இல் பெய்ஜிங்கில் ஒரு கால்நடை மருத்துவர், செத்த இரண்டு குரங்குகளை அறுத்துப் பார்த்த ஒரு மாதத்தில் காய்ச்சலில் விழுந்து மே மாதம் இறந்தார். 2024இல் ஹாங்காங்கில் காம்ஷான் பூங்காவுக்குப் போன 37 வயதுக்காரர் ஒருவரைக் குரங்கு காயப்படுத்தியது. சில வாரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு. சிகிச்சை தராமல் விட்டால் இந்த வைரஸ் தொற்றியவர்களில் நூற்றுக்கு 70 முதல் 80 பேர் பிழைப்பதில்லை.

இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது தடியை எடுத்துக்கொண்டு குரங்கை விரட்டக் கிளம்பிவிடுவார்கள். 1932 முதல் இன்று வரை உலகம் முழுவதும் பதிவான பி வைரஸ் நோயாளிகள் ஐம்பது சொச்சம்தான். லட்சக்கணக்கான கடிகளுக்கு நடுவே ஐம்பது. குரங்கு கடித்தால் நம் நாட்டில் முதலில் பயப்பட வேண்டியது ரேபிஸுக்கு. ஆனால் கொடைக்கானல் மலைப்பாதையில் காரை நிறுத்தி, கைப்பிள்ளையின் கையில் வாழைப்பழத்தைக் கொடுத்து "குரங்குக்கு ஊட்டு செல்லம்" என்று போட்டோ எடுக்கும் தம்பதியைப் பார்க்கும்போது இந்த ஐம்பதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். கண்ணில் தெறித்தாலும் அதே கால் மணி நேரம் தண்ணீர். ரேபிஸ் ஊசிக்கு அன்றைக்கே போங்கள். "நாய் இல்லை டாக்டர், குரங்கு" என்று அழுத்திச் சொல்லுங்கள். காயத்தைப் பார்த்து, வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தேவையா என்று அவர் முடிவு செய்வார். ஹெர்பஸுக்கு எதிரான மாத்திரையை உடனே ஆரம்பித்தால் பி வைரஸுக்கு எதிராகவும் பலன் உண்டு. மூளைக்கு ஏறிய பிறகு காப்பாற்றுவது மிகக் கஷ்டம்.

கடைசியாக, எனக்கு மிகவும் ஆத்திரமூட்டும் விஷயம். ஒரு ரீல்ஸ் பார்த்தேன். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய மார்மோசெட் குட்டி, காதோரம் வெள்ளை முடிக் குஞ்சம். ஒரு இளம்பெண் உதட்டுக்கு நடுவில் திராட்சையைக் கடித்துப் பிடித்துக்கொள்ள, அது தாவி வந்து உதட்டிலிருந்தே எடுத்துத் தின்கிறது. கீழே "ஸோ க்யூட்", "எங்கே வாங்கினீங்க அக்கா, ரேட் என்ன?" என்று நூற்றுக்கணக்கில் கமெண்ட். ஃபிங்கர் மங்கி என்று பெயர் வைத்து விற்கிறார்கள். பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கும் பயணிகளின் பெட்டிக்குள் மார்மோசெட்டும் டாமரினும் கிப்பன் குட்டியும் மூச்சு முட்டக் கிடப்பதைச் சுங்கத்துறையினர் மறுபடி மறுபடி பிடிக்கிறார்கள். பிடிபடாமல் தப்பி வீட்டுக்கு வருவதற்கு அடுத்து காத்திருப்பது அந்த உதடுதான். பிரேசிலில் நகரங்களை ஒட்டிய மரங்களில் திரியும் மார்மோசெட்டுகள், மனிதர் கடித்துக் கொடுத்த தீனியையும் எச்சிலையும் வாங்கிக்கொண்டு கூட்டமாகச் செத்திருக்கின்றன. வைரஸ் மனிதருடையதுதான் என்று பரிசோதனையில் உறுதியானது. அங்கே காட்டில் இருந்தவற்றுக்கே அந்தக் கதி என்றால் சோபாவில் மடியில் வைத்திருப்பவற்றுக்கு?

கிப்பன் நமக்கு அந்நியமும் இல்லை. அசாமில், ஜோர்ஹாட் பக்கம் ஹொல்லொங்காபாரில் ஹூலோக் கிப்பன்கள் வாழ்கின்றன. இந்தியக் காடுகளில் பிறந்து வளரும் ஒரே வாலில்லாக் குரங்கு இனம் அது. அங்கே சுற்றுலா போகிறவர்கள் தள்ளி நின்று அவற்றின் பாட்டைக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

குரங்கை விடுங்கள், ஒரு நிமிஷம் வீட்டுக்குள் பாருங்கள். பிறந்து நாலு வாரம் ஆகாத பச்சைக் குழந்தைக்கும் இதே உதட்டு வைரஸ் உயிர்ப் பயம். குழந்தை பார்க்க வருகிற பெரியப்பாவுக்கு உதட்டில் பொருக்கு இருந்தால், "பெரியப்பா, புண்ணு ஆறட்டும், அப்புறம் கொஞ்சுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். குழந்தை பால் குடிக்காமல் சுருண்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ, உடம்பில் நீர்க்கொப்புளம் தெரிந்தாலோ காலைவரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கொரில்லா பார்க்கப் பணம் கட்டியிருப்பவர்களுக்கு: கிளம்பும் நாளன்று உதட்டில் கொப்புளமோ சளியோ காய்ச்சலோ இருந்தால் வழிகாட்டியிடம் மறைக்காதீர்கள். அப்போது சின்னம்மையோ அக்கியோ கண்டிருப்பவர், அம்மை வந்த பிள்ளையோடு வீட்டில் இருப்பவர் அந்தப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். முகக்கவசத்தைப் படம் எடுக்கும் ஒரு நிமிஷத்துக்காகக் கழற்றாதீர்கள். காட்டுக்குள் எச்சில் துப்பாதீர்கள். தின்ற பழத்தின் தோலும் கொட்டையும் உங்கள் பையிலேயே திரும்பி வரட்டும்.

மார்மோசெட்டை ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு: 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024இல் வந்த விதிகளும் இத்தகைய வெளிநாட்டு உயிரினங்களைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. பயந்துபோய்க் கூண்டைத் திறந்து தோப்பில் விட்டுவிடாதீர்கள், அது பிழைக்காது. பிழைத்தால் எதை யாருக்குக் கொடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வனத்துறையிடம் பேசுங்கள். அதுவரை வீட்டில் யாருக்காவது உதட்டில் எரிச்சல் தொடங்கினால் அன்றிலிருந்து பொருக்கு முழுவதும் உதிரும்வரை அவர் அந்த அறைக்குள்ளேயே போகக் கூடாது. தீனியை வேறொருவர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வைக்கட்டும். திராட்சையைக் கிண்ணத்தில் வையுங்கள்.